காற்றுப் புகாத வீடும் உன் அக்காவும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் நலம். வீடும் நலம், வீடு கொஞ்சம் அதிகமாகவே நலமாகிவிட்டது, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள். உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று நான் உன்னிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது பார், முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தில் இது முதல் தடவை. அவள் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் "அக்கா கை வேலையா இருக்கா அத்தான்" என்றாய். ஒன்பது நாளாகியும் முடியாத கை வேலை என்ன என்று நான் கேட்கவில்லை. போனில் பேசினால் நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் இந்தக் கடிதம். இதை அவளுக்குப் படித்துக் காட்டு; எந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று நானே சொல்கிறேன். அவள் திரும்பி வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அவள் வேறு வரிசையில் சொல்லியிருப்பாள்.

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு பொறியாளர் வந்து, வீட்டில் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பேசினார். நல்ல பேச்சு. ஒரு வீட்டின் கதவு ஜன்னல் இடுக்குகளையெல்லாம் எடுத்து ஒன்றாக ஒட்டினால் ஒரு முழு ஜன்னல் அளவுக்கு ஓட்டை வரும், அது வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, உங்கள் ஏசியின் குளிர்ச்சி அதன் வழியாகத்தான் தெருவுக்குப் போகிறது என்றார். அன்றைக்கு என் மதியத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்த ஜன்னல் தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் எட்டாம் வகுப்புக்கு வெப்பப் பாடம் எடுத்தவன் நான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு நோட்டைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினால் அது கடத்தல், ஒருவனே நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அது சலனம், உட்கார்ந்த இடத்திலிருந்து வீசி எறிந்தால் அது கதிர்வீச்சு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் சொல்லிக் கொடுத்தவனின் வீட்டிலிருந்தே நோட்டு நோட்டாக வெளியே போய்க்கொண்டிருந்தால் மனம் கேட்குமா, நீயே சொல்.

மறுநாள் காலை ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போனேன். சுடர் ஆடினால் அங்கே கசிவு என்று பொருள். எளிய சோதனை, செலவில்லை, எட்டாம் வகுப்புப் பையன்கூடச் செய்யலாம். கூடத்தில் மூன்றாவது ஜன்னலில் சுடர் நன்றாகச் சாய்ந்தது. கசிவு உறுதி என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது திரைச்சீலை பற்றிக்கொண்டது. உன் அக்கா துணி ஊற வைத்திருந்த வாளியோடு ஓடிவந்து ஊற்றினாள். திரையும் அணைந்தது, நானும் நனைந்தேன்.

"எத்தனை ஓட்டைங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு" என்றேன்.

"பன்னெண்டுன்னு எழுதிக்கங்க" என்று திரையை விரித்துக் காட்டினாள். அப்போது அவளுக்குக் கோபம் இல்லை, தம்பி. சிரித்தாள். அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. ஜன்னல் சட்டங்களுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினேன். வாசல் கதவுக்கு இரண்டு பட்டை, கீழே ஒரு தடித்த கம்பளித் துண்டு. கதவைச் சாத்தினால் தெருவில் லாரி போவதுகூடக் கேட்காது. மூச்சு முட்டுகிறது என்றாள் உன் அக்கா. பிறகு, ஆள் பார்க்காத நேரத்திலும் சிவப்புப் புள்ளியாக விழித்துக்கொண்டு மின்சாரம் குடிக்கும் சாமான்களின் பிளக்கையெல்லாம் பிடுங்கினேன். டிவி, மைக்ரோவேவ், கடைசியில் அழைப்பு மணியின் வயரையும் கழற்றினேன். யாராவது வந்து அழுத்தும் அந்த ஒரு நொடிக்காக அது நாள் முழுக்கக் கரண்ட் வாங்கிக்கொண்டிருப்பானேன் என்று நினைத்தேன். துவைக்கும் இயந்திரம் இத்தனை மணிக்கு, போன் சார்ஜ் மாலை நான்கு மணிக்கு என்று ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

(அடுத்து வருவதை அவளுக்குப் படிக்காதே.) ஒரு மதிப்பெண் பதிவேடும் போட்டேன். பழக்கதோஷம். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்: எனக்குத் தொண்ணூற்றொன்று, உன் அக்காவுக்கு முப்பத்தெட்டு. விடைத்தாள் எழுதியவனும் நான், திருத்தியவனும் நான் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு எங்கே குறைந்தது என்றால், மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது சமையலறையில் ரேடியோவைப் பாடவிட்டுவிட்டே போகிறாள். "ஆளில்லாத அறையில் பாட்டு" என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். பதிவேட்டைப் பார்த்தாள். "நான் எப்பங்க உங்க கிளாஸ்ல சேந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். (இனிமேல் படிக்கலாம்.)

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பதினொன்றரை மணிக்கு அவள் பாலும் ரொட்டியும் வாங்கக் கடைக்குப் போனாள். நான்தான் வீட்டில் இருக்கிறேனே என்று சாவி எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து மணியை அழுத்தியிருக்கிறாள். மணிக்குக் கரண்ட் இல்லை. கதவைத் தட்டியிருக்கிறாள், கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு ரப்பர் பட்டையையும் கம்பளியையும் தாண்டி அவள் குரல் உள்ளே வரவில்லை. போன் செய்திருக்கிறாள். என் போன் உயிரில்லாமல் கிடந்தது. அட்டவணைப்படி அதற்கு நான்கு மணிக்குத்தான் சார்ஜ். நான் கூடத்தில் வெப்பமானியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாதரசம் இறங்க இறங்க எனக்கு உள்ளம் குளிர்ந்தது. உள்ளே இருபத்தாறு வந்துவிட்டது. வெளியே எவ்வளவு என்று ஒப்பிட்டு எழுதலாமே என்று வெப்பமானியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

உன் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் பாக்கெட். எதிர்வீட்டு நர்ஸம்மா, வேலை முடிந்து வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இந்த ஒன்பது நாளில் ஏழெட்டு விதமாக யோசித்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது, "சீக்கிரம் உள்ள வா, குளிர்ச்சி போகுது."

வந்தாள். பாலைக் கொண்டுபோய் வைத்தாள். முகம் சிவந்து போயிருந்தது. "நாப்பது நிமிஷமா ஆளைக் காணோமேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் கண் மேஜை மேல் திறந்து கிடந்த நோட்டில் விழுந்தது. அதில் நான் எழுதியிருந்தேன்: "கதவு திறக்கப்படாத நேரம், நாற்பது நிமிடம். நன்று."

அந்த 'நன்று'க்கு அடியில் ஒரு கோடு வேறு போட்டிருந்தேன், தம்பி.

பத்து நிமிஷத்தில் பெட்டியோடு வெளியே வந்தாள். எங்கே என்று கேட்டேன். "தம்பி வீட்டுக்கு. பயப்படாதீங்க, கதவைச் சாத்திட்டுத்தான் போறேன்" என்றாள். சொன்னபடியே சாத்தினாள். துளிச் சத்தம் இல்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன்.

அதன் பிறகு இந்த வீடு பொறியாளர் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்பது யூனிட் ஓடிய மீட்டர் இப்போது மூன்றுதான் ஓடுகிறது. மிக்ஸி சத்தம் இல்லை, டிவி இல்லை, யாரும் எந்த அறையிலும் விளக்கை விட்டுவிட்டுப் போவதில்லை, ஏனென்றால் யாரும் எந்த அறைக்கும் போவதில்லை. மனுஷர்களை வெளியே அனுப்பிவிட்டால் எந்த வீடும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும் என்பதை அந்தப் பொறியாளர் தன் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம். நேற்று நான் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும்போது சமையலறையில் ரேடியோவைப் பாடவிட்டுவிட்டுப் போனேன். படி இறங்கி வரும்போது வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று முப்பத்து நான்கு வருஷம் கழித்துப் புரிகிறது.

மணியைத் திரும்ப மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் நின்றபடி, "இந்த பெல் ஒரு மாசம் பூரா குடிக்கிறத உங்க ஏசி ஒரு மணி நேரத்துல குடிச்சிரும் சார்" என்றார். சரி, ஏசியையும் பாருங்கள் என்றேன். திறந்தார். வடிகட்டியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி, போர்வை மாதிரி. "இத கழுவி எத்தன வருஷம் ஆச்சு? இந்தத் தூசிய வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு எதுக்கு சார் ரப்பர்?" என்று கேட்டார். அந்த வடிகட்டியைக் கழுவச் சொல்லி உன் அக்கா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் ஆகட்டும் ஆகட்டும் என்று இருந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், சமைத்ததைச் சூடு ஆறாமல் அவள் ஃபிரிட்ஜில் வைத்ததில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டை முடிவதற்கு முன்னாலேயே அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் கைக்குட்டைகளைத் தேய்ப்பாள். இதற்கெல்லாம் என் பதிவேட்டில் கட்டமே இல்லை. பதிவேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். வாசல் கதவின் ரப்பரை உரித்தாயிற்று, கம்பளித் துண்டு இப்போது கால்மிதி. அவள் மூச்சு முட்டுகிறது என்று சொன்ன ஜன்னல்கள் ஒன்றுவிடாமல் இன்று காலையிலிருந்து திறந்திருக்கின்றன. இதை அவளிடம் அழுத்திச் சொல். எல்லா ஜன்னலும் என்று சொல்.

உன் தொழில் நன்றாக நடக்கட்டும். உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசிகள். உன் அக்காவுக்கு ஆசி சொல்லும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கும்படி கேட்டேன் என்று சொல். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லாதே, சாப்பிட்டு முடித்த பிறகு சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதி முடித்த நேரத்தில் உன் போன் வந்தது. இந்த ஒன்பது நாளில் நீயாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "அத்தான், அக்கா எங்க பின்னாலயே வந்து லைட்ட அணைக்கிறா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், ஃபேன நிறுத்திட்டா. காத்து வருதே, அப்புறம் எதுக்குடாங்கிறா. தயவு செஞ்சு வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நீ கெஞ்சியதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் கையிலிருந்து போனை அவள் பிடுங்கியது கேட்டது. பிறகு அவள் குரல்.

"வீட்டுல ஜன்னலெல்லாம் எப்படி இருக்கு?"

"எல்லாத்தையும் திறந்து வெச்சிருக்கேன். உனக்காகத்தான்" என்றேன்.

"மணி பன்னெண்டு ஆகுது. இந்த வெயில்ல யாராவது ஜன்னலத் திறந்து போடுவாங்களா? மூடுங்க மொதல்ல. ரெண்டு மணி பஸ்ல வரேன்."

ஆகவே தம்பி, மேலே நான் கேட்டுக்கொண்டது எதையும் நீ செய்ய வேண்டாம். இந்தக் கடிதம் வந்தால் கிழித்துப் போட்டுவிடு. ஜன்னல்களை மூடிவிட்டேன். வாசல் கதவை மட்டும் அகலத் திறந்து வைத்து, அதற்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரண்டு மணி பஸ் சில நாட்களில் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.