நெடுமாறன் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறான்

பிடிவாதக்காரர்களோடுகூட ஒரே அறையில் குடியிருந்துவிடலாம். தான் விட்டுக்கொடுத்தே தேய்ந்துபோனதாகத் தானே சொல்லிக்கொண்டு திரிகிறதே ஓர் இனம், அதோடு மட்டும் முடியாது. "நான் ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்" என்பது இதன் கூவல். அது காதில் விழுந்ததும் உங்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஆதவன், சேரன் இருவரோடும் தங்கி டிகிரி கடைசி வருஷம் படித்த நெடுமாறன் இந்த இனத்தில் முதல் தரம். ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் ஜலதோஷம் பிடிக்கும். பாவம், நண்பர்களுக்காக அவனே அங்கே படுத்தான். விடிந்ததும் முதல் ஆளாகக் குளிப்பது கஷ்டம். அதையும் ஏற்றுக்கொண்டான், இருந்த வெந்நீர் மொத்தத்தோடு. குழம்பில் கடைசியாகக் கிடந்த முட்டை வீணாகக் கூடாதென்று அதையும் தின்று தீர்த்தான். இவர்களுக்காக எவ்வளவு தாங்குகிறோம் என்று நினைத்தால் அவனுக்குத் தன்மேலேயே இரக்கம் பொங்கும். நிஜமாகவே பொங்கும். நடிப்பே கிடையாது.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மாள் ராஜாம்பாள். முழங்கால் வலியால் மாடி ஏறமாட்டார். படிக்கட்டின் அடியில் கிடக்கும் செருப்புகளை எண்ணிப் பார்ப்பதோடு சரி. "நாலாவது ஜோடிய பாத்தேன், அன்னிக்கே மூட்ட கட்டிடணும்" என்பது நிபந்தனை. பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது. நெடுமாறனின் ஊருக்கு ஒரே பஸ், அதுவும் வந்தால்தான். கல்யாணமாகாத பையன்களுக்கு வேறு அறை கிடைப்பதோ குதிரைக்கொம்பு.

அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் செஞ்சியில்தானே பஸ் மாறவேண்டும்? சித்தப்பா பச்சைமுத்து தலைமையில் பதினோரு உறவினர்கள், "புள்ள ரூம் இருக்குதே" என்று மத்தியானமே வந்து இறங்கினார்கள். நெடுமாறன் எல்லாவற்றுக்கும் தயார். ராஜாம்பாள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அத்தனை பேரும் செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பூனைபோல் ஏறினார்கள். ஏறியவர்கள், பத்துக்குப் பத்து அறையில் தாராளமாகக் காலை நீட்டினார்கள்.

"எங்கடா ஒக்காந்து படிக்கிறது?" என்றான் ஆதவன்.

"படிக்கட்டுல காத்து நல்லா வருது. ஒரு நாள்தானடா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"போன அமாவாசைக்கும் இதத்தான் சொன்ன" என்றான் சேரன்.

"இவ்ளோ நாளா உங்ககூட நான் அட்ஜஸ்ட் பண்ணல?" என்றான் நெடுமாறன். குரல் தழுதழுத்தது.

இருவரும் புத்தகத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கீழே ராஜாம்பாள் எழுந்து வந்து எண்ணினார். மூன்று ஜோடி. நெடுமாறனுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வெறுங்காலோடு இறங்கிப்போய் அந்த அம்மாள் முன்னாலேயே நின்றார்.

"இன்னாம்மா, மேல எடம் பத்தல. உங்க கூடம் சும்மாதான இருக்குது? நாங்க பதினோரு பேருதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

பரம்பரைச் சொத்து என்றால் நிலம் மட்டுமா?

ராஜாம்பாள் முழங்காலை மறந்து பதினேழு படியும் ஏறினார். உறவுக்கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். "யாரோட ஆளுங்க இவங்க? அவன் மட்டும் காலி பண்ணட்டும்."

"அம்மா, இவனுங்க ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க" என்றான் நெடுமாறன், பால்வடியும் முகத்தோடு. "எனக்கு பரீட்ச வருது. அவனுங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பானுங்க."

அவர்களுக்கும் அதே பரீட்சைதான். ராஜாம்பாள் தம் கையாலேயே அவன் படுக்கையைச் சுருட்டினார். சொந்தக்காரர்கள், அவனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்வதாகச் சொல்லி ஸ்பெஷல் பஸ் ஏறிவிட்டார்கள்.

நாலு நாள் தெருத்தெருவாக அலைந்தபின் ஓர் அறை அகப்பட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த செல்லப்பன், நெடுமாறனின் பெட்டியை அன்போடு வாங்கிக் கக்கூஸ் கதவோரம் வைத்தான்.

"டென்ஷன் ஆவாத நண்பா. நான் ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிப்பேன்."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நினைத்தபடி நெடுமாறன் தன் பாயைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று உங்களுக்கும் ஒரு நல்ல பெயர் இருக்கும். அதை உங்களுக்கு வைத்தது யார்? நிதானமாக யோசித்துப் பாருங்கள். கூட இருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.