ரிஜெக்ட் அண்ணன் கொடுத்த சான்றிதழ்

தன் கையால் செய்ததைத் தானே வேண்டாம் என்று தள்ளக்கூடிய ஒரே ஒரு மனிதரைத்தான் இந்த உலகத்தில் நான் பார்த்திருக்கிறேன். அவர் கன்னட எல்லையோரத்து மத்திகிரியில் டிபன் கடை வைத்திருந்தார்.

நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ரிஜெக்ட் அண்ணன், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் ஏதோ ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து, தேறாததை ஒதுக்கும் வேலை பார்த்தவர். மேனேஜருக்கு வந்த புது நாற்காலியையே, ஒரு கால் அரை மில்லிமீட்டர் குட்டை என்று சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினாராம். அதற்குப் பிறகுதான் கடை போட்டார் என்று கேள்வி. நான் நம்புகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. வாரம் முழுக்க ஷிப்டு பார்க்கும் பிரம்மச்சாரிகள் நாங்கள் ஞாயிறன்று பத்து மணிக்கு எழுந்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பத்தரைக்கு அவர் கடையில் போய் உட்காருவோம். காலைச் சாப்பாடும் அதுதான், மத்தியானச் சாப்பாடும் அதுதான். நாலே மேஜை. செட் தோசை, அதற்குத் தொட்டுக்கொள்ளக் காய்கறிக் குருமா மாதிரி சாகு, கேசரி. எழுந்து வர மனசே வராது.

ஆனால் தோசை மேஜைக்கு வர வேண்டுமே. செட் என்றால் மூன்று தோசை. மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். கல்லுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். ஒவ்வொரு தோசையையும் அதற்குள் வைத்துப் பார்ப்பார். ஒன்று உதைத்தாலும் மூன்றும் சிவப்புக் கூடைக்குப் போகும். "பேடா" என்று கன்னடத்தில் ஒரே சொல், வேண்டாமாம். கூடை பக்கத்து வீட்டுப் பசுவுக்கு. அந்தப் பசுவைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

"பசி தாங்கலண்ணே, அதையே குடுங்க" என்று ஒருநாள் கெஞ்சினேன்.

"தப்பு பீஸு என் கடைய விட்டு வெளிய போவாது. ஒக்காரு."

உட்கார்ந்தேன். தேறி வந்த செட்டைப் பிய்த்து சாகில் தொட்டு வாயில் வைத்தேன். அப்படி ஒரு தோசையை அதற்குப் பின் நான் எங்கும் தின்றதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் விடமாட்டார். "இன்னா நல்லாருக்கு? மாவா, வேக்காடா?" என்பார். பதில் தெரியாமல் பாராட்டக்கூடாது.

இப்படிப்பட்டவரிடம் என் தலையெழுத்து போய் மாட்டிக்கொண்டது. ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பெண்ணின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார். அறையில் ஒரு பிஸ்கட்கூட இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் கடைக்குக் கூட்டிப் போனேன்.

முதல் செட் பேடா. இரண்டாவதும் பேடா. பெரியவர் முகம் சுருங்கியது. சம்பந்தம் பசுவின் வாய்க்குள் போய்க்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. மூன்றாவது செட் வந்தது. பெரியவர் மூன்றையும் தின்றார். இன்னொரு செட் கேட்டு வாங்கித் தின்றார். கை கழுவிவிட்டு நேராகக் கல்லண்டை போனார்.

"இம்புட்டு நுணுக்கமாப் பாக்கீய. இந்தத் தம்பிக்கு எம் பொண்ணக் குடுக்கலாமா?"

நான் கேசரித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அண்ணன் அடுப்பைத் தணித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொற இருக்குது சார். சட்டுனு கோவம் வரும், போன மாசம் இங்கயே டம்ளர வீசனான். காலைல எழ மாட்டான். ஊட்டுக்கு போன் போடச் சோம்பேறி."

நான் மனதுக்குள் அந்தப் போட்டோவுக்கு விடை கொடுத்தேன்.

"கம்பெனில ஒரு வழக்கம் உண்டு சார். பீஸுல சின்னக் கொற இருக்கும், ஆனா நல்லா ஒழைக்கும்னு தெரியும். அத மறைக்காம எழுதி வாங்கறவங்க கிட்ட காட்டுவோம். அவங்க ஒத்துக்கினா அனுப்பலாம். இவன் அந்த மாதிரி. இவன் ரூம்ல கூட இருக்கற பையனுக்கு மஞ்சக்காமால வந்தப்ப, ஒரு மாசம் டெய்லி காலைல ஆறு மணிக்கு இட்லி வாங்க வந்து நின்னான். ஒருநாள் தவறல."

பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஆட்டோவில்தான் வாயைத் திறந்தார். "ஊர்ல விசாரிச்சேன் தம்பி, எல்லாரும் தங்கம்னு சொல்லுதாவ. அதான் பயந்து நேர்ல வந்தேன். இப்ப நிம்மதி. ஆவணில வச்சுக்கலாம்."

அவரை ஏற்றிவிட்டு ஓட்டமாகக் கடைக்குத் திரும்பினேன். கூட்டம் போயிருந்தது. அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடிவாகிவிட்டது என்றேன். நன்றி சொன்னேன்.

"உள்ளதத்தான சொன்னேன், அதுக்கு எதுக்கு நன்றி?" என்றார். துண்டைத் தோளில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொண்ணு இல்லன்னுடுவாரோன்னு ஒரு நிமிசம் எனக்கே பயமாயிடுச்சு தம்பி. கொறையே இல்லன்னு பொய் சொல்லிடலாமான்னு பாத்தேன்."

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்கு யார் யாரோ பாராட்டி மாலை போட்டிருக்கிறார்கள். தப்பு பீஸை வெளியே விடாத அந்த மனிதர் எனக்காகத் தடுமாறிய அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.