பதினொரு பெட்டிகளும் ஒரு சிவப்புப் போர்வையும்

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

விமானக் கம்பெனியின் புகார்ப் பிரிவிலிருந்து தங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. நான் நலம். பெரியம்மாவின் முழங்கால் நலமா? போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். அதனால்தான் கடிதம்.

தங்கள் பெட்டி கிடைத்துவிட்டது.

ஒன்பது நாளில் தாங்கள் அனுப்பிய ஆறு புகார்களும் என் மேஜைக்குத்தான் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் "இந்தக் கம்பெனியை என் மகள்தான் நடத்துகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே எனக்குச் சொந்தமாக நாற்காலிகூட இல்லை. யார் லீவோ அவர் நாற்காலி. இந்தப் புகார் தீர்ந்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

உங்களோடு சேர்த்து அதே விமானத்தில் போன பதினொரு பேருக்குப் பெட்டியைக் காணோம். குடோனில் போய்ப் பார்த்தால் பதினொன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, எல்லாக் கைப்பிடியிலும் சிவப்புத் துணி. பாதுகாப்பு அதிகாரி மீசையைத் தடவிக்கிட்டே, "இது ஏதோ கடத்தல் கும்பலோட அடையாளம்"ங்கறார். மேலாளருக்கு வேர்த்துப்போச்சு. எனக்கு அந்த முடிச்சைப் பார்த்ததுமே ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. கண்டக்டரா இருந்தப்ப பஸ் மேல ஏத்துன மூட்டைக்கெல்லாம் நீங்க போட்ட ரெட்டை முடிச்சு, என் புத்தகக் கட்டுக்கும் போட்டு ஸ்கூல்ல நான் பல்லால கடிச்சு அவிழ்த்த அதே முடிச்சு. வேலைக்குச் சேர்ந்த மூணு மாசத்துல முதல் தடவையா நானே வாயைத் திறந்தேன். "சார், இது கும்பல் இல்ல. எங்க பெரியப்பா."

அன்னிக்கு விமான நிலையத்துல வரிசையில நின்னவங்க பெட்டியெல்லாம் அடையாளமில்லாம இருக்கேன்னு பாவப்பட்டு, பெரியம்மாவோட போர்வையைக் கிழிச்சு எல்லாருக்கும் கட்டிவிட்டிருக்கீங்க. எதுக்குன்னு கேட்டவர்கிட்ட, "சும்மா இருங்க தம்பி, நாளைக்கு என்னை வாழ்த்துவீங்க"ன்னிருக்கீங்க. அவர் புகாரில் ஒரு பக்கம் வாழ்த்தியிருக்கார். இங்க பெட்டி ஏத்தறவங்களுக்குச் சிவப்புத் துணின்னா 'இதை ஏத்தாதே, ஓரமா வை'ன்னு அர்த்தம், பெரியப்பா! கட்டினவங்கதான் வந்து அவிழ்க்கணும், அது விதி.

கவலை வேண்டாம். மேலாளரிடம் தனி அனுமதி வாங்கிப் பதினொரு துணியையும் நானே வெட்டினேன். மற்றப் பத்துப் பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதியாயிற்று. இன்று மதியமே வண்டி கிளம்பிவிட்டது. தாங்கள்தான் ஊர் திரும்பிவிட்டீர்களே, வழியில் தங்கள் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, மீதிப் பத்தும் மாலை விமானத்தில் ஏறிவிடும். ஏறியதும் என் வேலை நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட மேலாளர் பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறார். தாங்கள் செய்ய வேண்டியது ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது மட்டும்தான்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. போர்வைக்கு என் அனுதாபம். தங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
தங்கள் மகள் (கம்பெனியை நடத்தாதவள்)

பி.கு.: டிரைவர் இப்போதுதான் விமான நிலையத்திலிருந்து போன் செய்தார். "தங்கமான மனுஷர்மா உங்க பெரியப்பா. நான் தண்ணி குடிக்கிறதுக்குள்ள, வழியில தொலைஞ்சிடக் கூடாதுன்னு மீதிப் பத்துப் பெட்டிக்கும் ஏதோ கட்டிவிட்டுட்டார்." என்ன நிறம் என்று கேட்டேன். சொன்னார். பத்தும் இப்போது ஓரமாக இருக்கின்றன. மேலாளரிடம் நான் சொல்லவில்லை. பேனா இன்னும் திறந்தே இருக்கிறது. இந்தக் கடிதம் கொண்டு வருபவரின் வண்டியிலேயே ஏறி உடனே விமான நிலையம் போய் அவிழ்த்துவிடுங்கள். மிச்சப் போர்வை வீட்டிலேயே கிடக்கட்டும். கையை வீசிக்கொண்டு போங்கள்.