ஒரே நாளில் ஐம்பது வயது

பெரில் நீட்டிய பெட்டியைத் திறந்ததும் வாட்ச் பளபளவென்று மின்னியது. கிளைவ் ஹாக்கிங் அதை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்று வாரம் முன்பு பெர்த் நகரத்துக்குப் போன மனைவி பெரிலிடம் அவர் கொடுத்தனுப்பிய வாட்ச் இப்படியா இருந்தது? முகப்பைச் சுற்றிய கறுப்பு வளையம் ஐம்பது வருட வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. எண்களின் ஒளிப்பூச்சு பழைய வெண்ணெய் நிறம். உலோகக் கூடு முழுக்க சிங்கி இறால் கூண்டு உரசிய கீறல்கள். முக்குளிப்பு வாட்ச் சேர்ப்பவர்களுக்கு இதெல்லாம் அழுக்கு அல்ல, நகை. அதனால்தான், “தண்ணி புகாம சீல் மட்டும் மாத்தச் சொல்லு, வேற எதையும் தொடவே கூடாது” என்று ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்போது வளையம் கன்னங்கரேல். பூச்சு பால் வெள்ளை. கீறல் ஒன்றுகூட இல்லை.

“பிடிச்சிருக்கா?” என்றாள் பெரில். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

நாற்பது வருடக் குடித்தனத்தில் கிளைவ் கற்ற பாடம், இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

“ரொம்ப.”

“எதுவும் கேக்காத. மிச்சத்தை நாளைக்குக் கிளப்ல பேசிக்கலாம். நான் டோங்காரா போய் அக்காவைப் பாத்துட்டு, அங்கேருந்தே நேரா வந்துடறேன்.” அவர் வழுக்கையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுக் கார் சாவியோடு கிளம்பினாள்.

கிளைவ் லென்ஸை எடுத்தார். பின்மூடியில் எப்போதோ தேய்ந்துபோன எண்கள் கூர்மையாக நின்றன. “ரிப்பேர்காரப் பாவி, எண்ணைக்கூட மறுபடி வெட்டியிருக்கான்.” பின்னால், புது வாட்ச்சில் கம்பெனி ஒட்டும் நீல ஸ்டிக்கர் வேறு. “அதையும் பழைய மாதிரியே அச்சடிச்சு ஒட்டியிருக்கான் பாரு.” நகத்தால் சுரண்டிக் குப்பையில் போட்டார்.

நாளை எங்கள் வாட்ச் கிளப்பின் வருடாந்திரக் கூட்டம். ஒரே மாடல் வாட்ச் இரண்டைப் பச்சைத் துணியில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எது கைபடாமல், நேர்மையாக மூப்படைந்திருக்கிறதோ அது ஜெயிக்கும். (என் வாட்ச்சை யாரும் பக்கத்தில் வைக்கக் கேட்பதில்லை. அது வேறு கதை.) கிளைவுக்கு எதிரே வழக்கம்போல மெர்வ். மெர்வ் நல்லவர்தான், நாக்குக்குத்தான் பிரேக் கிடையாது. “இதை எந்த மடையன்டா கெடுத்தது?” என்று பெரில் முன்னாலேயே கேட்பார். அவள் முகம் வாடும்.

அதை நினைக்கவே கிளைவால் முடியவில்லை. நாளைக்குள் வாட்ச்சுக்குப் பழைய வயது வந்தாக வேண்டும். பெரில் கேட்டால், சந்தோஷத்தில் கட்டிக்கொண்டே கடலில் முங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் வளையத்தைக் கழற்றி பிளீச்சில் போட்டார். கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துத் தேநீர் போடப் போனார். திரும்பி வந்தபோது அது சாம்பலைத் தாண்டி இளஞ்சிவப்பில் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டாரில் எட்டிப் பார்த்தான். இறால் படகுக்காரன், பக்கத்து வீடு.

“என்னடா அது, பல் செட்டா?”

“வாட்ச் வளையம். பழசாக்கறேன்.”

“எங்க வீட்டுல எல்லாம் தானாவே பழசாகுது. உனக்கு மட்டும் ஏன்டா இந்தக் கஷ்டம்?”

வளையத்தை மாட்டிப் பார்த்தால், அதற்கு எழுபது வயது, நடுவில் முகப்புக்கு இருபது. ஆகவே முகப்பையும் முட்களையும் பிரித்து ஓவனில் மெல்லிய சூட்டில் வைத்தார். ஓவன் பழசு, மெல்லிய சூடு என்பது அதன் அகராதியில் கிடையாது. வெண்ணெய் நிறத்துக்கு வர வேண்டிய பூச்சு கருகின ரொட்டி நிறத்துக்கு வந்தது. மூன்று மணி எண்ணில் பூச்சு உதிர்ந்தே போயிற்று.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். இப்போது உள்ளே தொண்ணூறு, வெளியே கூடு மட்டும் கல்யாண மாப்பிள்ளை.

“கீறல்தானே வேணும்?” என்றான் டாரில். “கூண்டுல கட்டித் தரேன். பாறைமேல இழுபட்டா ஒரே முங்கல்ல தாத்தா ஆயிடும்.”

“உள்ள தண்ணி போயிடாதே?”

“முக்குளிக்கிற வாட்ச்சுதானே? அதுக்குத் தண்ணின்னா பயமா என்ன?”

வாட்ச்சுக்குப் பயமில்லை. ஆனால் பின்மூடியைப் பூட்டியது கிளைவ். மாலையில் டாரில் கூண்டைத் தூக்கியபோது அதில் நான்கு சிங்கி இறால்களும் ஒரு வாட்ச்சும் இருந்தன. இறால்களுக்கு உயிர் இருந்தது.

மறுநாள், எங்கள் கூட்டம் நடக்கும் பவுலிங் கிளப்பில் பச்சைத் துணி விரித்தாயிற்று. கேக்குடன் வந்து கதவருகே நின்ற பெரில், கிளைவைப் பார்த்துக் கண்ணடித்தாள். மெர்வ் தன் வாட்ச்சை வைத்தார். கிளைவ் தன்னுடையதை வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்சம் மறைத்தாற்போல நின்றார்.

“கையை எடுடா, கோழி அடைகாக்கிற மாதிரி.”

எடுத்தார். மெர்வ் லென்ஸோடு குனிந்தார். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. முள் நின்றுபோயிருந்தது.

“போன வருஷத்தைவிட ரொம்ப இறங்கிட்டுதே, கிளைவ்.”

“நேத்துகூடக் கடலுக்குள்ளதான் இருந்துச்சு,” என்றார் கிளைவ். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான உண்மையை அவர் சொன்னதில்லை.

மெர்வ் நிமிர்ந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

“என்னோடது அலமாரியில தூங்கின வாட்ச். இது வாழ்ந்த வாட்ச்டா. நான் தோத்தேன்.”

கைதட்டல் எழுந்தது. கிளைவ் பெரிலைத் திரும்பிப் பார்த்தார். அவள் கழுத்தை நீட்டித் துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், கைதட்டவில்லை. அதற்குள், பீர் ஊற்றும் நொலீன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் துணிமேல் வைத்தாள். சாம்பல் வளையம். வெண்ணெய் நிற எண்கள். கூடு முழுக்கக் கீறல்.

“இந்தா கிளைவ், உன் பழைய வாட்ச், சீல் மாத்தியாச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒளிச்சு வெக்கச் சொல்லி பெரில் என்கிட்ட கொடுத்திருந்தா. இப்ப அவ உனக்காகத் தேடிப் புடிச்சு நேத்து கொடுத்த ஜோடிய எடு, ஐம்பது வருஷமா ஒருத்தர் கையிலயும் ஏறாததாமே, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம்.”