தொண்ணூறு மில்லி

தக் இன்ஹோ தர வேண்டிய பாக்கி பதினெட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் வொன். நூற்று நாலு மட்டை, மட்டைக்குப் பதினெட்டாயிரம். மன்சிக்கின் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவனுக்கே போயிருந்தது.

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிற கைக்கு ஒரு குணம் உண்டு. இழுத்துப் பிடித்ததை விடாது. மன்சிக்கும் இரண்டு வருஷமாக விடவில்லைதான், ஆனால் பையன் கையில் சிக்கினால்தானே. முதல் ஒன்பது மாதம் ஊக்கமருந்துக் கேசில் தடை வாங்கிக் கிடந்தான். தடை முடிந்து ஆட வந்த பிறகு, மன்சிக் கடை போட்ட மைதானம் எதுவானாலும், அவர் முன்வாசலுக்கு வந்தால் அவன் பின்வாசலில் போனான்.

அதனால் கிம்சோன் போட்டியில் கால் இறுதி ஜெயித்து வேர்வை சொட்ட வெளியே வந்தவன், ஓடாமல் நேரே கடைக்கு வந்து கையைப் பிடித்ததும் மன்சிக்குக்குத் தன் கையையே நம்ப முடியவில்லை.

"சித்தப்பா, என்கூட வாங்க."

"வர்றேன்டா. பணம் எங்க?"

"அத அப்புறம் பேசுவோம். மூத்திர சோதனைக்குக் கூப்பிட்டுட்டாங்க. துணைக்கு ஒரு ஆள் வச்சுக்கலாம்னு சட்டத்துல இருக்கு. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

சோதனை முடியும்வரை அவன் எங்கேயும் நழுவ முடியாது. சட்டமே கட்டிப்போட்டு எதிரில் உட்காரவைக்கும்போது மன்சிக்குக்குக் கசக்குமா? நாலு மணி இரட்டையர் ஆட்டத்துக்கு ஆறு மட்டை, பழைய நரம்பை அறுத்துப் போட்ட கோலத்தில் கடையில் கிடந்தன. ஆனால் மணி ஒன்றரைதான். ஒருத்தன் ஒன்றுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ‘பத்து நிமிஷத்தில் வருவேன்’ என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

சோதனை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் அதிகாரி பியோன் அம்மாள், படிவங்களை இஸ்திரி போட்டது போல அடுக்கிக்கொண்டிருந்தார். மூலையில் ஹ்வாங் ஐயா, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஆட்டக்காரன் கழிவறைக்குள் போனால் கூடவே போய், வருவது அவன் உடம்பிலிருந்துதான் வருகிறதா என்று நின்று பார்ப்பது அவர் வேலை. ஊர் ஊராகப் போட்டிக்குப் போட்டி போவார். பார்ப்பார், பேசமாட்டார். மன்சிக் தலைகுனிந்து வணங்கியதற்கு அவரும் குனிந்தார். அதோடு சரி. மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

"தொண்ணூறு மில்லி வேணும்," என்றார் பியோன் அம்மாள். "குறைஞ்சா எடுத்துக்க மாட்டோம். குடுக்காம எழுந்து போனா, மறுத்ததா எழுதுவேன். இந்தத் தம்பிக்கு ஏற்கனவே ஒரு தடை இருக்கு. ரெண்டாவது வந்தா மட்டைய அடுப்புல வைக்க வேண்டியதுதான்."

"பரிசுப் பணம்?" என்றார் மன்சிக்.

"அதுவும் போச்சு."

மன்சிக் கணக்குப் போட்டார். பரிசுப் பணம் நாளைக்கு. அதற்குள்தான் அவருடைய பதினெட்டு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் இருந்தது. இப்போது அது இடம் மாறி இந்தப் பையனின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்ஹோ ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ஹ்வாங் ஐயா பேப்பரை மடித்துவிட்டுப் பின்னால் போனார். மன்சிக் கதவை ஒட்டி நின்றார். சும்மா நிற்க முடிந்ததா?

"ஏன்டா, நாளைக்கு எத்தன மணிக்குப் பணம் தருவாங்க?"

உள்ளே சத்தமே இல்லை. பத்து நிமிஷம் கழித்து இன்ஹோ காலிக் கோப்பையோடு வந்தான்.

"பணம்னு சொன்னீங்க பாருங்க, உள்ள போயிடுச்சு."

"என்னது உள்ள போயிடுச்சு?"

"வர இருந்தது."

சரி, பணத்தைப் பற்றி இனி பேசவில்லை என்று மன்சிக் வாயைப் பொத்திக்கொண்டார். வாய்க்கு வேலை போனதும் கைக்கு வேலை வந்தது. மூலையில் மூடி பிரிக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். அது முடிந்ததும் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

"ரொம்பக் குடுக்காதீங்க," என்றார் பியோன் அம்மாள்.

"தண்ணி குடிச்சா வரும்மா. இதுக்கு என்ன படிச்சிருக்கணும்?"

கைகழுவும் குழாயையும் திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் தானாக வரும் என்பார்கள். வந்தது, மன்சிக்குக்கு. இரண்டு தடவை போய்விட்டு வந்தார். இன்ஹோ கல் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மணி இரண்டரை. மன்சிக்கின் போன் அதிர்ந்தது. இரட்டையர் ஆட்டக்காரன்.

"இதோ வந்துட்டேன் தம்பி, அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு இன்ஹோவைப் பார்த்தார். "அடேய், எனக்கு அங்க ஆறு மட்டை காத்துக்கிடக்குதுடா."

"நீங்க போங்க சித்தப்பா. நானும் எழுந்து போயிடறேன்."

"எங்க போவ?"

"ஜேஜு தீவுக்கு. மாமா தோட்டத்துல ஆரஞ்சு பறிக்கறேன். தடையில கிடந்த ஒம்பது மாசமும் அதுதான செஞ்சேன்? பழகின வேலை."

"ஆரஞ்சு பறிச்சு என் கடன எந்த ஜென்மத்துல அடைப்ப?"

இன்ஹோ தலையைக் குனிந்துகொண்டான். குரலையும் இறக்கினான்.

"நான் ஏன் தடையில கிடந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா? விசாரணையில கஷாயம் குடுத்த சித்தி பேர எடுத்தேனா? வழியில ஏதோ மருந்துக்கடையில வாங்கிக் குடிச்சேன்னுதான சொன்னேன்?"

மன்சிக் போய்க் குழாயை மூடினார்.

தடைக்கு முந்தைய மாசிப் பனியில் பையன் சளியோடு கடையில் வந்து நின்றபோது, மன்சிக்கின் மனைவி மூன்று வேளைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தது நிஜம். இரண்டு மாதம் கழித்து அவன் போன் செய்து, "சோதனையில மாட்டிக்கிட்டேன் சித்தப்பா, அந்த மருந்து சித்தி குடுத்ததுலதான் இருந்திருக்கு. வெளிய சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றதும் நிஜம். மனைவி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "பேரிக்காயும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சினேன். பேரிக்காய்க்கு எந்த ஊர்ல தடை போடறான்?" மன்சிக் நம்பவில்லை. அன்றைக்கு அடுப்பைவிட்டு இறங்கிய கஷாயப் பானை இன்னும் ஏறவில்லை. போன குளிர்காலம் முழுக்க மன்சிக் இருமினார். "இருமுங்க, நல்லா இருமுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஆனாலும் நூற்று நாலு மட்டை நூற்று நாலு மட்டைதானே. கட்டின விரல்களில் தழும்பு இருக்கிறது.

"இந்தா பாரு," என்றார் கடைசியில். "மனசுல பாரம் இருந்தா உடம்பு வேலை செய்யாது. மூணுல ஒரு பங்கத் தள்ளிடறேன். போ, முயற்சி பண்ணு."

இன்ஹோ உள்ளே போனான். இந்தத் தடவை சத்தம் கேட்டது. மழை பெய்து ஓய்ந்த பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி. மன்சிக் கதவில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எந்தப் பாட்டும் அவருக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. நின்றுவிட்டது.

பியோன் அம்மாள் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்.

"முப்பது."

"முப்பதா? அவ்வளவுதானா?"

"மூணுல ஒரு பங்கு," என்று எழுதிக்கொண்டே சொன்னார் அவர்.

"சித்தப்பா, இன்னும் அடைச்ச மாதிரியே இருக்கு," என்றான் இன்ஹோ, வயிற்றைத் தடவிக்கொண்டு.

போன் மறுபடி அதிர்ந்தது. மன்சிக் எடுக்கவில்லை.

"சரி, இன்னொரு பங்கும் போகட்டும். ஆறு லட்சத்து இருபத்துநாலாயிரம் மட்டும் குடு. அதுக்குக் கீழ ஒரு வொன் இறங்க மாட்டேன். என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா."

அரைமணி நேரம் காத்திருந்து உள்ளே போனான். வந்தான்.

"ரெண்டும் சேர்த்து அறுபது," என்றார் பியோன் அம்மாள்.

"ஏம்மா, இப்படிச் சில்லறை சில்லறையாத்தான் எல்லாருக்கும் வருமா?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி. பணப் பேச்சுக்கு என் படிவத்துல கட்டம் கிடையாது. சத்தம் மட்டும் போடாதீங்க."

மன்சிக் ஹ்வாங் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரராக இருந்தவர், நியாயம் தெரிந்தவர், ஒரு வார்த்தை சொல்லுவாரா என்று. ஹ்வாங் ஐயா பேப்பரில் வானிலை படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்குப் போன் அடிக்கவில்லை. குறுஞ்செய்தி வந்தது. எதிர்க்கடைக்காரன் ஆறு மட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அடுத்த போட்டியிலிருந்து அவனிடமே கட்டிக்கொள்வார்களாம். மன்சிக் அதை இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்காகத்தான் எல்லாம்," என்றான் இன்ஹோ. அவன் கண் கலங்கியது. "உங்க பொழப்பும் கெட்டுப்போச்சு. நான் ஒரு பாவி. இனிமே உங்களுக்குக் கஷ்டம் குடுக்க மாட்டேன். மறுத்துட்டேன்னு எழுதிக்குங்கம்மா. கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் பேனாவை எடுத்தான்.

மன்சிக் எழுந்து அந்தக் கையைப் பிடித்தார். பன்னிரண்டு வயசில் அவனுடைய அண்ணனின் நரம்பு அறுந்த மட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்த கை அது. ஒன்பது மாதம் ஆரஞ்சு பறித்த கை. தன் வீட்டு அடுப்பிலிருந்து போன கஷாயத்துக்காகப் பறித்த கை. அவன் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இந்த மைதானங்களில் மன்சிக்கிடம் ஒரு மட்டையாவது வந்திருக்குமா?

"வேணாம்டா," என்றார். "எல்லாம் போகட்டும். பதினெட்டு லட்சமும் போகட்டும், எழுபத்திரண்டாயிரமும் போகட்டும். போய் நிம்மதியா இருந்துட்டு வா."

சத்தம் கதவைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, வாசல்வரை கேட்டது. அணைக்கட்டுத் திறந்த மாதிரி. பியோன் அம்மாள்கூட எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார்.

"எல்லாம் சேர்த்து நூத்திநாப்பது," என்று வாங்கி வைத்தார். பிறகு ஒரு சொட்டை எடுத்துச் சின்னக் கருவியில் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "செல்லாது."

"என்னம்மா செல்லாது?"

"அடர்த்தியே இல்ல. இது மூத்திரம் மாதிரி இருக்கற தண்ணி. மூணு பாட்டில் யாரு குடுத்தது? நான் சொன்னேனா இல்லையா? இன்னொரு தடவ வேணும்."

மன்சிக் இரண்டு கையையும் விரித்தார். "இனி தள்ளறதுக்கு என்கிட்ட என்னடா இருக்கு?"

இன்ஹோ யோசித்தான். ரொம்பக் கூச்சப்பட்டுக்கொண்டு யோசித்தான்.

"நாளைக்கு அரையிறுதிக்கு நாலு மட்டை கட்டணும் சித்தப்பா. அத நினைச்சாதான் அடிவயிறு பிடிச்ச மாதிரி..."

"கட்டித் தர்றேன்."

"இந்த வருஷம் முடியறவரைக்கும்..."

"கட்டித் தொலைக்கறேன்டா! வருஷம் முழுக்கச் சும்மா கட்டித் தர்றேன். குடுடா!"

ஒரு மணி நேரம் கழித்து நல்ல மஞ்சளாக, தேவையான அடர்த்தியோடு, தொண்ணூற்றைந்து மில்லி வந்தது. ஒரே மூச்சில்.

பியோன் அம்மாள் குப்பிகளை முத்திரையிட்டு, பெட்டியோடு வெளியே நின்ற வண்டிக்குப் போனார். போகும் முன் மன்சிக்கிடம் படிவத்தை நீட்டியிருந்தார். ‘நடைமுறையில் ஏதேனும் குறை உண்டா?’ என்று ஒரு கட்டம். மன்சிக் ‘இல்லை’ என்று எழுதினார். அதே பேனாவால் தன் நோட்டைத் திறந்து, இன்ஹோவின் பக்கத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தார். ஆச்சரியமாக, மனசு லேசாகிவிட்டது. இரண்டு வருஷமாக அந்தக் கஷாயம் அவர் நெஞ்சில்தான் கட்டியிருந்தது போலும்.

இன்ஹோ இடுப்புவரை குனிந்து வணங்கினான். "சித்திகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க," என்று கையைப் பிடித்துச் சொன்னான். விசில் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினான்.

அறையில் ஹ்வாங் ஐயா மட்டும் இருந்தார். வேலை முடிந்தவர், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கமான பையன் ஐயா," என்றார் மன்சிக் கண்ணைத் துடைத்தபடி. "என் குடும்ப மானத்தைக் காப்பாத்தினவன்."

ஹ்வாங் ஐயா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"போன வாரம் பூசான் போட்டியில, கால் பிடிச்சுவிடறவரைத் துணைக்குக் கூட்டிட்டு வந்திருந்தான். அங்கயும் கஷாயம் அவர் பொண்டாட்டி குடுத்ததுதான்."