ரிவால்வருக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

உறையிலிருந்து ரிவால்வர் வெளியே வர மறுத்தது. குமாரவேல் முதலில் மரியாதையாக இழுத்துப் பார்த்தார். பிறகு தோலுறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார். அது ஒருவழியாக வந்தது. வந்த வேகத்தில் அவரும் நாற்காலியும் பின்னால் போய் ஆபீஸ் சுவரில் முட்டி நின்றார்கள்.

தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள் பிஸ்கட் டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆகவே உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆபத்தெல்லாம் மானத்துக்குத்தான். ரிவால்வர் முழுக்கத் துரு ஏறிச் செங்கல் சூளையிலிருந்து வந்தது போல இருந்தது.

குமாரவேலுக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. சனிக்கிழமைச் சம்பளத்தைப் பையில் தூக்கிக்கொண்டு வந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய ரிவால்வர் அது. சம்பளம் பேங்க் வழியாகப் போகத் தொடங்கியதும் ரிவால்வருக்கு வேலை போய்விட்டது. இப்போது அது வெளியுலகைப் பார்ப்பது தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போது தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.

ஒப்படைப்பது பெரிய காரியமில்லை. மகுடேஸ்வரனோடு சேர்ந்து ஒப்படைக்க வேண்டியிருப்பதுதான் பெரிய காரியம்.

மகுடேஸ்வரன் குமாரவேலின் மச்சான், மனைவி சாரதாமணியின் அண்ணன். சேவூரில் தோட்டத்து வீட்டில் இருப்பவர், லைசென்ஸ் மட்டும் இன்னும் பழைய அருள்புரம் விலாசத்தில். இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி ரிவால்வர் வாங்கியவர்கள். உறைகூட ஒரே மாதிரிதான். மச்சான் அமாவாசைக்கு அமாவாசை துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவார். மாப்பிள்ளை பீரோவைப் பூட்டிவிட்டு மறந்துவிடுவார். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

போன தேர்தலில் குமாரவேலின் துப்பாக்கியை ஸ்டேஷன் மேஜைமேல் பார்த்துவிட்டு மகுடேஸ்வரன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஏனுங்க மாப்பிள்ளை, இதுல சுட்டா குண்டு வராதுங்க. செம்மண்ணுதான் வரும்.”

அன்றிலிருந்து சொந்தத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் அந்தச் செம்மண் கதை பந்திக்கு முன்னாலேயே பரிமாறப்பட்டது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சாரதாமணி இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“இன்னொருக்கா என்ற அண்ணன் சிரிக்கற மாதிரி ஆச்சுன்னா, இந்தத் துப்பாக்கியே வேண்டாமுன்னு அங்கயே எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க.”

குமாரவேல் ஏதோ ஒரு வீராப்பில் சரி என்று தலையாட்டியிருந்தார். ஆட்டிய பிறகுதான் வீட்டின் பெயர் ஞாபகம் வந்தது. அருள்புரத்தில் அவர் வீட்டுக்குப் பெயரே ‘துப்பாக்கிக்காரர் ஊடு’. ஆட்டோக்காரர், கூரியர்காரர், சிலிண்டர் போடுகிறவர், எல்லோரும் அதைச் சொல்லித்தான் வருவார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு இருந்த பெயர் ‘மாட்டாஸ்பத்திரிக்கு எதிர்த்த ஊடு’. மறுபடியும் மாட்டாஸ்பத்திரிக்கு எதிரே போய் நிற்க அவருக்கு மனமில்லை.

அந்த நேரம் பார்த்து மகுடேஸ்வரனே போனில் வந்தார். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடும்படியும், இருவரும் சேர்ந்தே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பிறகு கேட்காமலே ஒரு வகுப்பும் எடுத்தார். தோலுறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி, உலர்ந்த துணியில் சுற்றி வைக்க வேண்டும். எண்ணெய் அதிகமானாலும் தூசியைப் பிடித்துக்கொண்டு கெடுத்துவிடும் என்றார்.

“நானும் அப்படித்தானுங்க மச்சான் வெச்சிருக்கறேன்” என்றார் குமாரவேல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“வெக்கோணும். ஸ்டேஷன்ல வெச்சதுல போன தடவை என்றதுகூடத் துரு ஏறித்தான் வந்துச்சு. நான் உட்டனுங்களா? நேரா கோயமுத்தூர் கொண்டுபோயி, துரு எடுத்து, புதுசாக் கறுப்பேத்தி வாங்கியாந்துட்டேன். இப்பப் பாத்தீங்கன்னா மொகம் தெரியும்.”

போனை வைத்ததும் குமாரவேல் மெக்கானிக் முனீஸைக் கூப்பிட்டார். முனீஸ் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓடாத மெஷின் எதுவும் அவன் கை பட்டால் ஓடும் என்று அவனே சொல்லிக்கொள்வான். ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன மொதலாளி, சின்னச் சாமான். பாத்துக்கிருவோம்” என்றான்.

நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெயை ஒரு கேன் நிறையக் கொண்டுவந்தான். மெல்லிசாகத் தடவ வேண்டும் என்று மச்சான் சொன்னது குமாரவேலுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் இத்தனை வருசத்து மெல்லிசையும் சேர்த்து ஒரே நாளில் தடவுவதால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். ரிவால்வரைக் கிண்ணத்தில் போட்டு எண்ணெயில் ஊறவைத்தார்கள். பிறகு கட்டிங் வேஸ்ட்டில் ஒரு கை அள்ளித் தேய்த்தார்கள்.

பனியன் துணி வெட்டிய துண்டு. அதில் துணியைவிடப் பஞ்சு அதிகம். தேய்க்கத் தேய்க்க எண்ணெயில் பஞ்சு ஒட்டியது. ஒட்டிய பஞ்சை எடுக்க மறுபடி தேய்த்தார்கள். கடைசியில் ரிவால்வருக்கு ரோமம் முளைத்து, மேஜைமேல் வெள்ளைப் பூனைக்குட்டி சுருண்டு படுத்திருந்தது போல ஆயிற்று. குழாய்க்குள்ளும் பஞ்சு. விசையை அமுக்கினால் அது பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தது மாதிரி அமுங்கியது, திரும்பி வரவில்லை.

முனீஸ் மனம் தளரவில்லை. துணியில் கறை எடுக்க மருந்து பீய்ச்சும் ஸ்பிரே கன் ஒன்று செக்கிங் மேஜையில் இருந்தது. அதைக் கொண்டுவந்தான். “கன்னைக் கன்னாலதான் மொதலாளி எடுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அடித்தான்.

பஞ்சு போயிற்று. எண்ணெயும் போயிற்று. துருவுக்கு நடுவில் அங்கங்கே மிச்சமிருந்த கறுப்பிலும் பாதி போயிற்று. நல்ல உலர்ந்த, எண்ணெய்ப் பசையே இல்லாத, வெறும் இரும்பு. மருந்து வாசம் மூக்கைத் துளைத்ததால் அதைச் சூடான இடத்தில் கொஞ்சம் காயவைக்கலாம் என்று குமாரவேலுக்குத் தோன்றியது. கம்பெனியில் சூடான இடம் அயனிங் செக்‌ஷன். அங்கே ஒரு மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தார்.

அயனிங் செக்‌ஷனில் சூடு மட்டும் இருக்காது, ஆவியும் இருக்கும் என்பது அங்கே வருடக்கணக்காகக் கம்பெனி நடத்துகிறவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் மானம் போகிற அவசரத்தில் இருப்பவருக்குத் தெரிந்ததும் மறந்துவிடும். ஆவி சுகமாக ரிவால்வரைத் தழுவிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் துரு புதிதாக, பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிட்டது. பழைய துருவே மேல் என்று அவருக்கு அழுகை வந்தது.

இதற்குள் கம்பெனி முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஓனர் காலையிலிருந்து துப்பாக்கியைத் துடைக்கிறார், யாருக்கென்று தெரியவில்லை என்று டெய்லர்கள் தமிழிலும் இந்தியிலும் குசுகுசுத்தார்கள். அன்று டீ நேரம் முடிந்ததும் எல்லோரும் மணி அடிக்கும் முன்பே மெஷினுக்குத் திரும்பினார்கள்.

அவர் ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்து மறுபடி தேய்க்கத் தொடங்கியபோது ஆஷா உள்ளே வந்தாள். பையிங் ஆபீஸில் தரம் பார்க்கிற பெண். வெள்ளை டீ-சர்ட்டில் எண்ணெய்க் கறை இருந்ததற்கும், சரக்கு தாமதமானதற்கும் சண்டை போடத் தயாராக வந்திருந்தாள். மேஜைமேல் ரிவால்வரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

குமாரவேல் தலை நிமிரவில்லை. துருவின்மேல் இருந்த ஆத்திரத்தோடு சொன்னார்: “வாங்க கண்ணு, உக்காருங்க. இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் ஊட்டுக்குப் போறதில்லைங்க.”

“அவசரமே இல்லைங்க சார்” என்றாள் ஆஷா. “சரக்கு அடுத்த வாரம் வந்தாப் போதுங்க. கறைகூட அப்படி ஒண்ணும் தெரியலைங்க.”

அவள் போனதும், இந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு பக்குவமாகிவிட்டார்கள் என்று குமாரவேல் நெகிழ்ந்துபோனார்.

சாயங்காலம் ஆரஞ்சு நிற ரிவால்வரோடு வீட்டுக்கு வந்தார். மறுநாள் கிருத்திகை. சாரதாமணி பூஜைச் சாமான்களைப் பரப்பிவைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருசன் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்ததைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“உள்ள குண்டு கிண்டு இருக்குதுங்களா?”

அவர் உருளையைத் திறந்து எல்லா ஓட்டைகளையும் காட்டினார். தெருவிளக்கு அவற்றின் வழியாகத் தெரிந்தது.

“இப்படிக் குடுங்க” என்று வாங்கி, குத்துவிளக்குக்கும் மணிக்கும் நடுவில் வைத்துப் புளியை எடுத்தாள்.

குமாரவேலுக்குத் தடுக்கத் தெம்பில்லை. இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தார். அதுவும் தப்பாகிவிட்டது. புளி துருவை எடுத்தது உண்மைதான். கூடவே பாக்கியிருந்த கறுப்பையும் துடைத்து எடுத்துவிட்டது. கறுப்பு ரிவால்வர் எவர்சில்வர் டம்ளர் போல வெள்ளை வெளேரென்று நின்றது. நிறம் மாறிய துப்பாக்கியை ஸ்டேஷனில் என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்று அவர் புலம்பினார். துரு இல்லையா, அதைப் பாருங்கள் என்றாள் அவள்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். புளி போக நன்றாகக் கழுவி, மகள் கலைமகளின் முடி உலர்த்தும் மெஷினை வைத்துச் சந்து பொந்தெல்லாம் ஈரம் போக்கினார்கள். பஞ்சு உதிராத பழைய பட்டுத் துண்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மேலெல்லாம் படலமாகத் தடவினார்கள். உருளை சுற்றுகிற இடத்தில் ஒரு சொட்டு, விசையின் மூட்டில் ஒரு சொட்டு, குழாய்க்குள் குச்சியில் துணி சுற்றி ஒரு இழுப்பு. மிச்சத்தைத் துடைத்தார்கள். உருளை சத்தமில்லாமல் சுழன்றது.

அவள் விளக்கைப் பிடித்தாள், அவர் எண்ணெய் விட்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலையை இவ்வளவு நேரம் சண்டையில்லாமல் செய்தது இதுதான் முதல் தடவை என்று குமாரவேலுக்குத் தோன்றியது. துப்பாக்கி போனாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு மாட்டாஸ்பத்திரி ஞாபகம் வந்து, அந்த நினைப்பைக் கைவிட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் ரிவால்வர் பூஜை அலமாரியில் இருந்தது. விளக்குக்கும் மணிக்கும் வைத்த கையோடு சாரதாமணி அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். அவர் பதறிப்போய்ப் பட்டுத் துண்டால் துடைத்தார். எண்ணெயில் குழைந்த குங்குமம் மேலே கொஞ்சம் போயிற்று. இரும்பில் வெட்டியிருந்த நம்பர் எழுத்துக் குழிகளுக்குள் இறங்கி உட்கார்ந்தது போகவே இல்லை. நேரமாகிவிட்டது. அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷனில் மகுடேஸ்வரன் முன்னாலேயே வந்து காத்திருந்தார். அவர் மஞ்சள் துணியைப் பிரித்து வைத்த ரிவால்வர் அட்டக் கறுப்பாக, முகம் தெரிகிற மாதிரிதான் இருந்தது. அங்கே எழுதிக்கொண்டிருந்த காவலர் விஜயராணி அதன் நம்பரைப் படிக்க முயன்று, புதுக் கறுப்புப் பூச்சில் எழுத்து மங்கியிருப்பதாகச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்.

அடுத்து குமாரவேல். துணியைப் பிரித்து, வெள்ளி போலப் பளபளத்த ரிவால்வரைப் பொட்டோடு மேஜைமேல் வைத்தார்.

மகுடேஸ்வரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், உருளையைச் சுழற்றினார், குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். எங்கேயாவது ஒரு புள்ளி துரு கிடைக்காதா என்று அவர் தேடியதைக் குமாரவேல் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை.

கடைசியில் மகுடேஸ்வரன் நிமிர்ந்து மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். “நான் சொன்னது தப்புங்க மாப்பிள்ளை. துப்பாக்கியை வெச்சுக்கற பக்குவம் உங்களுக்கும் இருக்குது. நம்ம சாமான் மேல நமக்கு ஒரு பாசம் வேணுமல்லங்க, அது கை பட்டாலே தெரிஞ்சு போயிரும். என்றதை ஆயிரம் துப்பாக்கிக்கு நடுவுல போட்டாலும் நான் கண்ணை மூடிட்டு எடுத்துருவேன்.”

குமாரவேலுக்குக் கண்ணில் நீர் நிறைந்தது. மச்சான் வாயால் இப்படி ஒரு வார்த்தை! வீட்டுக்குப் போனதும் சாரதாமணியிடம் ஒரு எழுத்து விடாமல் சொல்ல வேண்டும். அடுத்த காதுகுத்தில் இதை மச்சானே எழுந்து சொல்லும்படி செய்ய வேண்டும்.

விஜயராணி கறுப்பு ரிவால்வரை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து பொட்டு வைத்ததைக் கையில் எடுத்தார். இருவருடைய லைசென்ஸையும் கேட்டு வாங்கி, அதையும் இதையும் பார்த்தார். பிறகு இரண்டு ரிவால்வர்களையும் மேஜைமேல் இடம் மாற்றி வைத்துவிட்டுக் குமாரவேலைப் பார்த்தார்.

“குங்குமம் ஏறுனதாலதான் சார் நம்பரே படிக்க முடியுது. போன தேர்தல் முடிஞ்சு வாங்கிட்டுப் போனப்பவே ரெண்டு பேரும் மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கீங்க. அந்தக் கறுப்பு உங்களுது, இந்தப் பொட்டு வெச்சது உங்க மச்சானோடது.”