மூன்று நிமிஷ உத்தியோகம்

இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆட்டுக்கல்லைத் தொடுவதில்லை. 1958 மார்கழியில், புதுக்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில், முழங்கை வரை மாவோடு உட்கார்ந்து இந்தச் சபதத்தைச் செய்தேன். மனதுக்குள்தான் செய்தேன். என் மனைவி செங்கமலம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் மைக்செட் நல்லதம்பி. பொன்னமராவதியிலிருந்து ஆலங்குடி வரைக்கும் விசேஷம் என்றால் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக் கிராமபோன் பிளேட் போடுவது நான்தான். நான்கு ஊருக்குக் கேட்கும்படி பாட்டு வைக்கிற எனக்கு, வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வாய்ப்பதில்லை. மார்கழியில் இன்னும் மோசம். விடியற்காலையில் கோயிலில் பக்திப் பாட்டுப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்க நான் செங்கமலத்தின் சொத்து.

சபதம் செய்த மறுநாளே கோயில் வாசலில் வக்கீல் ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டார். அவர் சந்திரிகா கிளப்பின் செக்ரட்டரி. ஊர்ப் பெரிய மனிதர்கள் சாயங்காலம் சீட்டாடுகிற இடம் அது.

"நல்லதம்பி, கிளப்புல தெனமும் ஆறுலேருந்து ஒம்பது வரைக்கும் பிளேட் போட ஒரு ஆள் வேணும். நாளைக்கு வந்து போட்டுக் காட்டும். எல்லாருக்கும் பிடிச்சிருந்தா வேலை நிரந்தரம்."

ஆறிலிருந்து ஒன்பது. தினமும். அதுவும் நிரந்தரம். ஆட்டுக்கல்லுக்கும் எனக்கும் இருந்த உறவு அங்கேயே அறுந்தது.

செங்கமலத்திடம் சொல்ல முடியுமா? சீட்டாடுகிற இடமென்றால் மைக்செட் பெட்டியை வாசலைத் தாண்ட விடமாட்டாள். வேலை கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன்.

"எங்கிட்டுக் கெளம்பிட்டீங்க?"

"ஆலங்குடியில ஒரு கல்யாணம். போயிட்டு வாரேன்."

"கல்யாணமா?"

"ஆமா, பெரிய எடம்."

"பொண்ணு வீட்டுலயா, மாப்ள வீட்டுலயா?"

"ரெண்டு வீட்டுலயும்."

"ரொம்ப நல்லது. பிளேட்டெல்லாம் ஒரே தூசியா கெடந்துச்சு. தொடச்சு அடுக்கி வச்சிருக்கேன். கண்ணாடிய எடுத்துக்கிட்டீங்களா?"

"கண்ணாடி எதுக்கு? என் பெட்டி எனக்குத் தெரியாதா?"

உண்மையில், மூக்குக்கண்ணாடி போட்டால் கிளப்பில் கிழவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். செங்கமலம் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நான் வெளியே புறப்படும்போது அவள் சிரித்ததே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

கிளப்பில் நான்கு மேஜை நிறையச் சீட்டு. நடுவில் ஆவுடையப்பன், கையில் நல்ல சீட்டு விழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிலில் முதல் பிளேட் பிள்ளையார் பாட்டு, கடைசிப் பிளேட் மங்களம். எழுத்துக் கூட்டிப் பார்க்க நேரமிருக்காது என்று, பிள்ளையார் பிளேட்டின் உறையில் யானைத் தலையும் மங்களத்தின் உறையில் குத்துவிளக்கும் வரைந்து வைத்திருப்பேன். யானைத் தலையைத் தடவி எடுத்தேன். புது ஊசி மாட்டினேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு முள்ளை இறக்கினேன்.

குழாயில் மங்களம் பாட ஆரம்பித்தது.

நிறுத்தலாமென்றால் மங்களத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கண்ணெதிரே மேஜைக்கு மேஜை நாற்காலிகள் நகர்ந்தன. மங்களம் கேட்டால் எழுந்துவிடுவது அவர்களுக்கெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம். சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கைகூப்பினார்கள். துண்டை உதறித் தோளில் போட்டார்கள். ஜவுளிக்கடை அழகுமலை வாசல்வரை போய், தாம்பூலப் பை எங்கே கொடுக்கிறார்கள் என்று தேடினார். மூன்று நிமிஷத்தில் கிளப் காலி.

"ஐயா, இருங்க, வேற பாட்டுப் போடறேன்" என்றேன் ஆவுடையப்பனிடம்.

"மங்களம் பாடினதுக்கப்புறம் வேற பாட்டாய்யா? வெளங்குமா?" அவர் தன் நல்ல சீட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறரைகூட ஆகவில்லை.

"கல்யாணம் சுருக்கா முடிஞ்சிருச்சோ?"

"தாலி கட்டுனதும் வந்துட்டேன்."

"சாயங்காலத்துலயா தாலி கட்டுனாங்க?"

"அவங்க வழக்கம் அப்படி."

"இருக்கும், இருக்கும். அரிசி ஊறிருச்சு, வாங்க."

மாவாட்டினேன். வேலை போன துக்கத்தில் மாவு நன்றாகவே அரைபட்டது.

மறுநாள் காலையில் ஆவுடையப்பனே வீட்டு வாசலில் வந்து நின்றார். அடி விழப் போகிறது என்று நான் மைக்செட் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"வெளிய வாரும். வேலை உமக்குத்தான். நிரந்தரம்" என்றார். அவர் குரலில் உயிரே இல்லை.

நான் பெட்டிக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினேன்.

"எங்க எல்லார் வீட்டுலயும் ஒரே பேச்சு. பத்து வருஷத்துல நேத்துத்தான் புருஷன் வெளக்கு வச்சதும் வீட்டுக்கு வந்தாராம். என் சம்சாரம் மீனம்மாள் தலைமையில அத்தனை பேரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. தெனமும் ஏழு மணிக்கு நீர் வரணும். மங்களம் போடணும்."

"மத்தப் பாட்டெல்லாம்?"

"வேற பாட்டே வேணாமாம். ஒரே பிளேட். மூணு நிமிஷம். போட்டுட்டு நீரும் வீட்டுக்குப் போயிடணும். அதையும் சொல்லித்தான் அனுப்பினா."

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். நான் மெல்லத் திரும்பி அடுப்படியைப் பார்த்தேன். செங்கமலம் நிதானமாக ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மீனம்மாள் அம்மாவ ஒனக்குத் தெரியுமா?"

"தெனமும் விடியக்காலையில கோயில்ல நீங்க பிளேட் போடுறப்ப, அவங்களும் நானும் பக்கத்துப் பக்கத்துலதானே நிக்கிறோம். நீங்க கிளப்புக்கு வர்றத மொத நாளே சொல்லிட்டாங்க."

"அப்போ உறையை மாத்தினது நீயா?"

"தொடச்சு வச்சேன்னு சொன்னேனே."

"நான் ஆலங்குடிக் கல்யாணம்னு சொன்னப்பவே கேட்டிருக்கலாமே, செங்கமலம்?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "மார்கழி மாசத்துல யாருங்க கல்யாணம் வைப்பாங்க? பதினஞ்சு வருஷமா மைக்செட் வச்சிருக்கீங்க. அதுகூடவா நெனப்பில்ல?"

இடி என் தலையிலேயே இறங்கியது. மார்கழியில் விசேஷமே இல்லையென்றுதானே நான் வீட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

இப்போது நான் நிரந்தர உத்தியோகஸ்தன். ஏழு மணிக்குப் பிளேட் போடுகிறேன். ஏழேகாலுக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். அரிசி சரியான பதத்தில் ஊறியிருக்கிறது.